கடல் கடக்கும் கைலி! வழிச்செலவு எவ்வளவு?

"அப்பா! கனடாவில் இருந்து ஆர்டர் வந்திருக்கிறது. ஆறு கைலி வேண்டுமாம்!"

செல்போனைப் பார்த்த மகள் கூவினாள். தறிக்குழியில் இருந்த அப்பா எழுந்து ஓடி வந்தார். அன்று அந்த வீட்டில் பாயசம்!

ஒரு மாதம் சென்றது. போன ஆறு கைலியும் வீடு திரும்பின!

"இங்கே வரி கேட்கிறார்கள். அதற்கு மேல் கூலி வேறு கேட்கிறார்கள். எனக்கு வேண்டாம்" என்று வாங்கியவர் சொல்லிவிட்டார்.

குறிஞ்சிப்பாடியில் ஒரு தறிக்குடும்பத்தை நாமாகக் கற்பனை செய்துகொண்டு சொன்ன கதை இது. ஆனால் சங்கடம் கற்பனை அல்ல. வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக்குச் சரக்கு விற்கும் சிறு வியாபாரிகள் பலருக்கும் நேருவதுதான்.

விற்பது சுலபமாகிவிட்டது. அனுப்புவதுதான் பெரும்பாடு!

பேல் பேலாகப் போன துணி

கடலூரில் இருந்து விருத்தாசலம் போகும் ரெயில் பாதையில், வடலூருக்கு முன்னால் வரும் ஊர் குறிஞ்சிப்பாடி. கைத்தறிக் கைலிக்குப் பேர்போன ஊர். கைத்தறிக்கு என்றே சில துணி ரகங்களை ஒதுக்கி 1985-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது அல்லவா? அந்த ரகங்களில் கைலியும் உண்டு.

இந்தக் கரையில் இருந்து துணி கப்பல் ஏறுவது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. 1690-ல் இங்கிலீஷ் கம்பெனி கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை விலைக்கு வாங்கி, புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தது. கம்பெனி அங்கே வந்து உட்கார்ந்ததற்கு இந்தப் பக்கத்துத் துணியும் ஒரு காரணம். மலேசியாவில் இன்றும் கைலியை "கைன் பெலிக்காட்" என்கிறார்கள். பெலிக்காட் என்பது வேறு ஒன்றும் அல்ல. நம் பழவேற்காடுதான்! ஊர் பேர் மாறிப் போய், உடுப்பில் நிற்கிறது.

அந்தக் காலத்தில் துணி பேல் பேலாகப் போயிற்று. நெய்தவருக்குச் சுங்கம் என்றால் என்ன என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை. வியாபாரி பார்த்துக்கொண்டார். அவருக்கும் ஒரு ஏஜெண்டு இருந்தார்.

இன்று கைலி ஒன்றாகவும் இரண்டாகவும் போகிறது. வியாபாரியின் வேலை முழுவதும் தறிக்காரர் தலையில் விழுந்துவிட்டது!

சுங்கத் தரகர் யார்?

ஒரு நாட்டின் எல்லையைச் சரக்கு தாண்டும்போது, "இது என்ன சரக்கு? என்ன விலை? யார் அனுப்புகிறார்?" என்று சுங்க இலாகா கேட்கும். அதற்குப் பத்திரம் எழுதிக் கொடுத்து, சரக்கை விடுவித்துத் தருபவர் சுங்கத் தரகர். துறைமுகத்தில் "கிளியரிங் ஏஜெண்டு" என்பார்கள். நினைத்தவர் எல்லாம் இந்த வேலையைச் செய்ய முடியாது. பரீட்சை எழுதித் தேற வேண்டும். 1962-ம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி லைசென்சு வாங்க வேண்டும்.

அவருக்குக் கூலி உண்டு. அது நியாயம்தான். வில்லங்கம் எங்கே என்றால், அந்தக் கூலி சரக்கின் அளவைப் பார்த்துப் பெரிதாகக் குறைவது இல்லை. ஒரு பத்திரம் எழுதினால் ஒரு கூலி!

கணக்குக்காக, கூலி 5 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கைலி கொண்ட மூட்டை என்றால், கைலிக்கு 5 ரூபாய். ஆறே கைலி என்றால், கைலிக்கு 833 ரூபாய்! கைலியின் விலையே 600 ரூபாய்தான் என்றால் எப்படிக் கட்டும்?

ஆகவே, சில்லறைச் சரக்குக்குத் தனியாக ஏஜெண்டு வைப்பது வீண். தபாலும் கூரியரும்தான் வழி. தபாலில் போனால் சுங்கப் பத்திரத்தை வீட்டில் இருந்தே இன்டர்நெட்டில் நிரப்பலாம். 2022-ல் இதற்கென்று விதிகள் வந்தன. "டாக் கர் நிர்யாத் கேந்திரா" என்ற பெயரில் தபால் ஏற்றுமதி மையங்களும் நாடு முழுவதும் திறக்கப்பட்டன. பெயர்தான் வாயில் நுழையாது. வேலை சுலபம்!

ஏற்றுமதி வியாபாரத்துக்கு "ஐ.இ.சி." என்ற நம்பர் வேண்டும். டெல்லிக்குப் போக வேண்டாம். இன்டர்நெட்டில் 500 ரூபாய் கட்டினால் கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் மாதத்துக்குள், அதில் உள்ள விவரம் சரி என்று உறுதி செய்ய வேண்டும். தவறினால் நம்பர் தூங்கிவிடும். ஆர்டர் வந்த அன்றுதான் அது தெரியவரும்!

பெரிய ஏற்றுமதிக்காரர்களுக்குக் கிடைத்துவந்த வரித் திரும்பல் போன்ற சலுகைகள், 2026 ஜனவரி 15 முதல் இன்டர்நெட் பத்திரத்துடன் தபாலில் போகும் சரக்குக்கும் நீட்டிக்கப்பட்டன.

காற்றுக்கும் காசு!

கூரியரில் ஒரு விசித்திரம் உண்டு. சரக்கின் எடையை மட்டும் பார்க்க மாட்டார்கள். பெட்டியின் பருமனையும் பார்ப்பார்கள்.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்க வேண்டும். வருவதை 5 ஆயிரத்தால் வகுக்க வேண்டும். பெரும்பாலான கூரியர் கம்பெனிகளுக்கு இதுதான் கணக்கு. இப்படி வரும் எடை, தராசு எடையை விட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் பணம்.

40-க்கு 40-க்கு 30 பெட்டி ஒன்றில் ஆறு கைலியைப் போட்டு, மீதி இடத்தில் பழைய காகிதத்தைத் திணித்தால் என்ன ஆகும்? 48 ஆயிரத்தை 5 ஆயிரத்தால் வகுத்தால் 9.6 கிலோ! அதே கைலிகளை அழுத்தி மடித்து, 30-க்கு 25-க்கு 10 பெட்டியில் வைத்தால் ஒன்றரைக் கிலோ. சரக்கு ஒன்றே. கைலி நசுங்கினால் உடையாது. கண்ணாடி வளையல் விற்பவருக்குத்தான் இந்த யோசனை உதவாது.

ஊருக்கு ஒரு கணக்கு

அப்பாவும் மகளும் கோட்டைவிட்டது இங்கேதான். பார்சல் போய்ச் சேரும் நாட்டின் வரியை அவர்கள் விசாரிக்கவில்லை.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். துணிக்கு அங்கே சுங்க வரியே கிடையாது. 2024 முதல் 9 சதவீத விற்பனை வரி மட்டும் உண்டு. அதிலும், விமானத்திலோ தபாலிலோ வரும் சரக்கு 400 சிங்கப்பூர் டாலருக்கு மேல் போகாவிட்டால், எல்லையில் அதையும் வசூலிப்பது இல்லை. 400 டாலர் என்பது நம் பணத்தில் 25 ஆயிரம் ரூபாய்க்கும் மேல். ஆறு கைலி தாராளமாகப் போகும். பெரிய அளவில் அங்கே விற்பவர்கள்தான் பதிவு செய்துகொண்டு வரி கட்ட வேண்டும்.

கனடா அப்படி அல்ல. இந்தியாவில் இருந்து தபாலில் வரும் சரக்குக்கு 20 கனடா டாலர் வரைதான் விலக்கு. ஒரு கைலி அதற்குள் அடங்கும். ஆறு கைலி அடங்காது! வரி விழும். வரியை வசூலித்துக் கொடுக்கும் வேலைக்காக, கனடா தபால் இலாகா சுமார் 10 டாலர் கூலியும் வாங்கும். அதாவது, ஏறக்குறைய இன்னொரு கைலியின் விலை!

கூரியரில் போனால், கம்பெனியே அங்கே வரியைக் கட்டிவிட்டு, கட்டிய வரியோடு தன் தரகுக் கூலியையும் சேர்த்து வாங்குபவரிடம் நீட்டும். முன்கூட்டியே சொல்லாமல் வாசலில் பில்லை நீட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? கதவைச் சாத்தியவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

"அப்படியானால் ஆறு கைலியையும் ஆறு கவராக அனுப்பினால் என்ன?" என்று கேட்கலாம். ஒரே ஆர்டரைப் பிரித்தது தெரிந்தால் சேர்த்து வரி போட இடம் உண்டு. "அன்பளிப்பு" என்று எழுதி விற்ற சரக்கை அனுப்புவதும், விலையைக் குறைத்து எழுதுவதும் பொய்ப் பத்திரம். அது குற்றம்.

அமெரிக்கா மூடிய கதவு

முன்பு அமெரிக்காவுக்கு அனுப்புவதுதான் மிகவும் சுலபமாக இருந்தது. 2016 முதல் 800 டாலர் வரையுள்ள பார்சலுக்கு அங்கே வரி கிடையாது. எத்தனையோ சிறு வியாபாரிகள் அதை நம்பியே தொழில் நடத்தினார்கள்.

2025 ஆகஸ்ட் 29-ந் தேதி அந்தச் சலுகை எல்லா நாடுகளுக்கும் ஒழிந்தது!

வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்றே தெளிவாக இல்லை. விமானக் கம்பெனிகள் தபால் சரக்கை ஏற்றத் தயங்கின. ஆகஸ்ட் 25 முதல் இந்தியத் தபால் இலாகா அமெரிக்கப் பார்சல்களை வாங்குவதை நிறுத்தியது. கட்டி வைத்த பார்சல் கட்டியபடியே கிடந்தது.

அக்டோபர் 15-ல்தான் மறுபடியும் கதவு திறந்தது. ஆனால் ஒரு மாற்றம். அமெரிக்க வரியை இங்கேயே, பார்சல் போடும்போதே கட்டிவிட வேண்டும். அப்போது வரி, சரக்கு விலையில் 50 சதவீதம்! 3,600 ரூபாய்க் கைலிக்கு 1,800 ரூபாய். தபால் செலவு தனி.

அடி பலமான அடிதான். ஆனாலும் "வரி கட்டியே அனுப்பும்" இந்த முறையில் ஒரு நன்மை உண்டு. வாங்குபவர் வாசலில் புதுப் பில் வராது. பார்சல் அந்தக் காரணத்துக்காகத் திரும்பாது. மொத்த விலையையும் முதலிலேயே சொல்லிவிடலாம். 50 சதவீதம் என்பது அன்றைய கணக்கு. அமெரிக்க வரி அடிக்கடி மாறுவதால், பார்சல் போடும் அன்று மறுபடியும் விசாரிக்க வேண்டும்.

பத்துத் தறி சேர்ந்தால்?

சில்லறையாக அனுப்புவதில் ஒரு எல்லைக்கு மேல் லாபம் பார்ப்பது கடினம். அப்போது பழைய பேல் வழிதான் கைகொடுக்கும்.

கப்பலில் முழுப் பெட்டகம் எடுக்க வேண்டும் என்பது இல்லை. பலருடைய சரக்கோடு சேர்த்தும் அனுப்பலாம். பொதுவாக ஒரு கன மீட்டருக்குக் குறையாமல் வாடகை வாங்குவார்கள். ஒரு வீட்டுச் சரக்கு அந்த இடத்தை நிரப்பாது. பத்து வீட்டார் சேர்ந்து, ஒரு சங்கத்தின் பெயரிலோ ஒரு வியாபாரியின் பெயரிலோ, சிங்கப்பூர்க் கடை ஒன்றுக்கு மூட்டையாக அனுப்பினால் நிரம்பும். ஏஜெண்டின் கூலியும் நூற்றுக்கணக்கான கைலிக்குப் பங்காகும். பேசும்போது ஏஜெண்டிடம், "உங்கள் கூலி எவ்வளவு? துறைமுகக் கட்டணம் எவ்வளவு? அந்தக் கரையில் யார் கொடுப்பது?" என்று தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். "மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்பவரிடம் பிறகு மொத்தமாகவே கொடுக்க நேரும்.

திரும்பி வந்த ஆறு கைலிக்கு வருவோம். தபாலில் கொடுக்கும் சுங்கப் படிவத்தில், பார்சலை வாங்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கேள்வி இருக்கும். "திருப்பி அனுப்பு" என்றோ "கைவிட்டுவிடு" என்றோ குறிக்க வேண்டும். திருப்பி அனுப்பச் சொன்னால் அதற்கும் செலவு கேட்கக்கூடும். திரும்பி வரும் சரக்கை நம் சுங்கத்திலும், "இது இங்கிருந்து போனதுதானா?" என்று கேட்பார்கள். அதற்கு அத்தாட்சி, போகும்போது கொடுத்த பத்திரமும் தபால் ரசீதும்தான். நூல் வாங்கிய பில் இருக்கும் பெட்டியிலேயே மகள் அவற்றையும் போட்டு வைக்கட்டும்.