உஷார்! பெற்றவர்களை உட்கார வைத்தே முடக்கிவிடாதீர்கள்!

"நீங்க எதுக்கும்மா அலையறீங்க? பேசாம உட்காருங்க. நாங்க பாத்துக்கறோம்."

தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், மேடவாக்கம் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. பாசத்தில் சொல்வதுதான். ஆனால் உஷார்! இந்தப் பாசம் ஆபத்தானது.

கால் முடங்கினால் மூட்டு மட்டும் முடங்காது. மூளையும் சேர்ந்து முடங்கும்!

சேலையூர் பக்கம் ஒரு பெரியவர். பெயர் வேண்டாம். எழுபதைத் தாண்டியவர். காலையில் பஸ் ஏறி மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை மார்க்கெட்டுக்குப் போவார். கீரைக்குப் பேரம் பேசுவார். சில்லறையை எண்ணி வாங்குவார். வழியில் நாலு பேரிடம் பேசிவிட்டு வருவார். ஒரு மழைக்காலம். தோண்டிப் போட்டு ஒழுங்காக மூடாத தெருவில் கால் இடறி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் வீடே பயந்துவிட்டது. "இனிமே வெளியவே போக வேண்டாம்பா" என்று சொல்லிவிட்டார்கள். காய்கறி போனில் ஆர்டர். மருந்து வாசலுக்கே வந்தது. அவருக்கு மிஞ்சியது சோபாவும் டிவியும்தான்.

கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தார். சாப்பிட்டதை மறந்தார். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டார்கள். ஒரு மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், திரும்பி வர வழி தெரியாமல் ரயில் நிலையத்தில் நின்றார். வீட்டு விலாசம் சொல்ல வரவில்லை. சட்டைப் பையில் இருந்த மருந்துச் சீட்டைப் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் போன் செய்ததால் கிடைத்தார். டாக்டர் சொன்னது: டிமென்ஷியா. மறதிநோய்.

உட்கார்ந்ததால்தான் வந்ததா? ஒரு தனி மனிதர் விஷயத்தில் யாராலும் அப்படி அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பல்லாயிரம் பேரை வருஷக்கணக்கில் கவனித்த ஆய்வுகள் சொல்வதைக் கேளுங்கள்.

60 வயதைத் தாண்டிய சுமார் 50,000 பேரை பிரிட்டனில் கவனித்து, 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். தூங்கும் நேரம் போக, ஒரு நாளில் 10 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறுகிறது. 12 மணி நேரம் என்றால் 60 சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது. காலை காபி முதல் ராத்திரி சீரியல் வரை உங்கள் வீட்டுப் பெரியவர் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்? இன்றைக்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். பயந்துபோவீர்கள்!

இன்னொன்று. நினைவைக் காக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி வயதாக ஆகச் சுருங்கும். அமெரிக்காவில் 120 முதியவர்களைப் பிரித்து, ஒரு பாதியினரை வாரம் மூன்று நாள், 40 நிமிடம் நடக்க வைத்தார்கள். ஒரே வருஷத்தில் அவர்களுக்கு அந்தப் பகுதி 2 சதவீதம் வளர்ந்தது. கை, காலை நீட்டி மடக்கும் லேசான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியது. இது 2011-இல் வெளிவந்த ஆய்வு. நடையால் வேறு பலன்களும் உண்டு. நடக்கும்போது மூளைக்கு ரத்தம் நன்றாகப் பாய்கிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கின்றன. இவை இரண்டும் கைமீறினால் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெட்டுப்போகும்.

நம் வீட்டில் யாருக்கு வரப்போகிறது என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களே அதிகம்!

இந்த அறிகுறிகள் தெரிந்தால் உஷார்!

• நடையின் வேகம் குறைகிறது, கூடவே மறதியும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் டாக்டர்கள் அதை முன்னெச்சரிக்கையாகவே பார்க்கிறார்கள்.

• நடந்துகொண்டே பேச முடியவில்லை. பதில் சொல்ல நின்றுவிடுகிறார்.

• பழகிய தெருவிலேயே திரும்பும் இடம் தவறுகிறது.

• பென்ஷன் பணம், கரண்ட் பில், சில்லறைக் கணக்கில் குழப்பம்.

• காஸ் அடுப்பை மூட மறக்கிறார். நாற்பது வருஷம் வைத்த சாம்பாரின் பக்குவம் தவறுகிறது.

• போட்ட மாத்திரையை மறந்து மறுபடியும் போடுகிறார். சர்க்கரை மாத்திரை என்றால் உயிருக்கே ஆபத்து!

• கோயில், கல்யாணம், பக்கத்து வீடு எதற்கும் வர மறுக்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நோய் தெரிவதற்குப் பல வருஷங்கள் முன்பே நடமாட்டம் தானாகக் குறைய ஆரம்பிக்கலாம். அதனால் "சோம்பேறித்தனம்" என்று திட்டாதீர்கள். நடை திடீரென்று குறைந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஓரிரு நாளிலேயே குழப்பம் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்! பக்கவாதமாக இருக்கலாம். உப்புச்சத்து குறைந்திருக்கலாம். சிறுநீரில் கிருமி இருக்கலாம். என்றோ விழுந்ததில் தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். மெதுவாக வரும் மறதியிலும் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு போல சரிசெய்யக்கூடிய காரணங்கள் உண்டு. பரிசோதிக்காமல் "வயசு" என்று முத்திரை குத்தாதீர்கள். கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 2024 பிப்ரவரியில் 200 படுக்கைகளுடன் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் கிண்டியில் இறங்கலாம். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

தெரு மோசம்தான். நாய்த் தொல்லை, நடைபாதையில் நிற்கும் வண்டி, மழை வந்தால் முடிச்சூர் பக்கம் முழங்கால் தண்ணீர். பயம் நியாயமானது. ஆனால் அதற்காக வீட்டில் பூட்டி வைக்காதீர்கள்! வழுக்காத செருப்பு வாங்கிக் கொடுங்கள். சிட்லபாக்கம் ஏரிக்கரை நடைபாதைக்குக் கூட்டிப் போங்கள். முடியாவிட்டால் மொட்டை மாடி, அடுக்குமாடி வராண்டா போதும். கூட ஒருவர் நடங்கள்.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடையாகச் செய்தால் தினமும் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான். தடுமாறாமல் நிற்கும் பயிற்சி வாரம் மூன்று நாளாவது வேண்டும். சுவரைப் பிடித்தபடி செய்யட்டும். பத்தாயிரம் காலடி நடந்தே தீர வேண்டும் என்று விரட்டாதீர்கள். நாளுக்கு சுமார் 3,800 காலடி நடந்தவர்களுக்கே மறதிநோய் ஆபத்து கால் பங்கு குறைந்திருந்ததாக 2022-இல் ஓர் ஆய்வு சொன்னது. இதய நோய், மூட்டு வலி, தலைசுற்றல் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

நடை மட்டும் போதாது. காது கேட்கவில்லை என்றால் கருவி வாங்கிக் கொடுங்கள். கண்புரை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டு வேலையில் முடிந்ததை அவர்களிடமே விடுங்கள். கீரை ஆயட்டும். செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும். பேரனைப் பள்ளி வேனில் ஏற்றிவிடட்டும்.

நடந்தால் மறதிநோய் வரவே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாய்ப்பு குறையும், அவ்வளவுதான். ஆனால் வந்துவிட்டால் முழுதாகக் குணப்படுத்த இன்றுவரை மருந்து கிடையாது. அதனால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்று சாயங்காலமே கையைப் பிடித்துத் தெருமுனை வரை கூட்டிப் போங்கள்!