சிங்கப்பூரில் ஆள், இந்தியாவில் முகவரி

சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் இந்திய சிம்மிலேயே ரோமிங்கைப் போட்டுக்கொண்டு ஹோட்டல் தேடுகிறவர்களுக்கு இது பழகிய காட்சி: விலை ரூபாயில் வருகிறது. பக்கத்தில் நிற்கும் உள்ளூர் உறவினரின் போனில் அதே தளம் சிங்கப்பூர் டாலரில் காட்டுகிறது. அந்தத் தளத்தைப் பொறுத்தவரை நம் ஆள் இன்னும் ஊரை விட்டே கிளம்பவில்லை.

அவர் போனுக்கு ஐ.பி. முகவரி கொடுத்தது, இந்தியாவில் உள்ள அவருடைய தாய் நெட்வொர்க்கின் இணைய வாசலான கேட்வே. சிங்கப்பூர் டவர் அவருடைய டேட்டாவை வாங்கிக்கொள்கிறது. ஆனால், அதை அங்கேயே இணையத்தில் விடுவதில்லை. கவருக்குள் கவர் போட்டுத் தாய் நெட்வொர்க்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். வெளிக்கவரை அங்கே பிரித்த பிறகுதான் அது இணையத்துக்குள் போகும். பதிலும் அதே வழியில்தான் திரும்பும். கேட்வே சென்னையிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் இரு நகரங்களுக்கும் இடையே சுமார் 2,900 கிலோமீட்டர். சிங்கப்பூரிலேயே இருக்கும் ஒரு சர்வரிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்க, நான்கு முறை கடல் தாண்ட வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும் என்பதால், 50 மில்லிநொடிக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடுகிறது. ரோமிங்கில் வீடியோ கால் இழுப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

ஏன் இந்தச் சுற்று? ஐ.பி. முகவரி இரண்டு வேலை பார்க்கிறது. இன்னார் என்பதையும் அதுதான் சொல்கிறது. இன்ன இடத்தில் இருக்கிறார் என்பதையும் அதுதான் சொல்கிறது. டி.சி.பி. இணைப்புக்கு இரு முனைகளின் முகவரியும் போர்ட் எண்ணும்தான் அடையாளம். நடுவில் முகவரி மாறினால் இணைப்பு அறுந்துவிடும். மேசையை விட்டு நகராத கணினிகள் இருந்தவரை இது யாரையும் தொந்தரவு செய்யவில்லை. லேப்டாப் நடமாடத் தொடங்கிய பிறகுதான் தலைவலி. அதற்கு மருந்தாக 1996 அக்டோபரில் ‘மொபைல் ஐ.பி.’ என்ற தரம் வெளியானது. சாதனத்துக்கு நிரந்தர முகவரி ஒன்று, போன இடத்தில் தற்காலிக முகவரி ஒன்று. புது இடம் போனதும், ‘இப்போது இங்கே இருக்கிறேன்’ என்று தாய் நெட்வொர்க்கின் ‘ஹோம் ஏஜென்ட்’டிடம் அது பதிந்தாக வேண்டும். நிரந்தர முகவரிக்கு வருவதையெல்லாம் அந்த ஏஜென்ட் தற்காலிக முகவரிக்குத் தள்ளிவிடும். இன்றைய போன்கள் பெரும்பாலும் இதையே ஓட்டுவதில்லை. செல்போன் நெட்வொர்க்குகள் தங்களுக்கென்று, கவருக்குள் கவர் போடும் வேறொரு ‘டனல்’ முறை வைத்திருக்கின்றன. அடிப்படை யோசனை ஒன்றுதான்.

அந்தப் பதிவுதான் என் கவலை. முகவரி மாறாமல் இருக்க வேண்டுமானால், ஆள் இருக்குமிடத்தை யாரோ ஒருவர் எந்நேரமும் தெரிந்து வைத்திருந்தாக வேண்டும். 2004-ல் ஐ.பி. ஆறாம் பதிப்புக்கான மொபைல் ஐ.பி. தரம் வந்தபோது சுற்றுப்பாதையைக் குறைக்க ஒரு வழி கொடுத்தார்கள்: மறுமுனையில் இருப்பவரிடமே தற்காலிக முகவரியைச் சொல்லிவிடலாம். பாதை நேரானது, ஆனால், நீங்கள் எந்த நெட்வொர்க்கில் இருக்கிறீர்கள் என்பது எதிராளிக்கும் தெரிந்துபோயிற்று. இந்த ஒரு சிக்கலை விவரிப்பதற்கென்றே 2007-ல் தனி ஆவணம் வந்தது.

2021 மே மாதம் தரமான ‘க்விக்’ நெறிமுறை வேறு வழி பிடித்தது. இணைப்புக்குத் தனி அடையாள எண்; முகவரி மாறினாலும் பேச்சு தொடரும். வைஃபையை விட்டு 4ஜி-க்குத் தாவும்போது பழைய அடையாள எண்ணைத் திரும்பப் பயன்படுத்தக்கூடாது என்றும் விதித்திருக்கிறார்கள், வழியில் நின்று பார்ப்பவர் இரண்டையும் முடிச்சுப் போடாதிருக்க. தனியுரிமையை முதலிலேயே யோசித்து எழுதிய தரம் இது. என்றாலும், அடியில் இருக்கும் செல்போன் நெட்வொர்க்கின் பதிவேட்டை அது தொடுவதில்லை.

பதிவு இல்லாமல் டேட்டாவை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பொறியாளர்கள் கேட்கிறார்கள். புலனாய்வுக்குத் தேவை என்று காவல்துறை சொல்கிறது. சேர்ப்பதற்கு இந்த நிமிடத்து இடம் தெரிந்தால் போதுமே! போன வருடத்து இடம் எதற்கு? இந்தியாவில் அழைப்பு விவரங்களையும் இணைய இணைப்பு விவரங்களையும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்சக் காலம், 2021 டிசம்பரில் ஓராண்டிலிருந்து இரண்டாண்டாக நீண்டது. ரோமிங்கில் போகிறவரின் தடம் இரு நாட்டு ஏடுகளில் ஏறுகிறது. இப்போது மலிவாகக் கிடைக்கும் பயண இ-சிம்கள் சிலவற்றில் மூன்றாவது நாடு ஒன்றும் சேர்ந்துகொள்கிறது: சிம் வாங்கியது ஓரிடம், சுற்றுவது ஓரிடம், டேட்டா இணையத்துக்குள் நுழைவது நாம் எட்டிக்கூடப் பார்க்காத இன்னோரிடம். அந்த நாட்டுச் சட்டம் நம் தடத்தை யாருக்குக் காட்டும்?

போன நாட்டிலேயே டேட்டாவை இணையத்தில் விடும் ‘லோக்கல் பிரேக்அவுட்’ முறை தரங்களில் இருக்கிறது. பயணிக்கு அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும். குறைந்தபட்சம், ரோமிங் பேக்கோ இ-சிம்மோ விற்கிறவர்கள், டேட்டா எந்த நாட்டு கேட்வே வழியாகப் போகிறது, பதிவு எத்தனை நாள் இருக்கும் என்ற இரண்டையும் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.