காட்டுப் பறவையும் கள்ளுக்கடையும்

நியூயார்க், லண்டன் போன்ற பெரிய நகரங்களின் நல்ல மதுக்கூடங்களில் போய் 'ஜங்கிள் பேர்ட்' என்று கேட்டால், பெரும்பாலும் மறுபேச்சில்லாமல் கலந்து கொடுத்துவிடுவார்கள். அந்தக் 'காட்டுப் பறவை' பிறந்த கூடு எது தெரியுமா? நம் கோலாலம்பூர்தான்.

1973 ஜூலையில் சுல்தான் இஸ்மாயில் சாலையில் ஹில்டன் ஹோட்டல் திறக்கப்பட்டது. வந்திறங்கும் விருந்தாளிகளுக்கு வரவேற்புப் பானமாகக் கொடுக்க, அங்கிருந்த 'ஏவியரி' பாரில் உருவானதுதான் இது. ஏவியரி என்றால் பறவைக் கூடம். பானத்தைக்கூடப் பறவை வடிவப் பீங்கான் கிண்ணத்தில்தான் ஊற்றிக் கொடுத்தார்களாம். அதைக் கலந்தவர் ஜெஃப்ரி ஓங். நாட்டின் பெயரை உலக மதுப் பட்டியலில் ஏற்றிய இந்த மனிதரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

'ஞாயிற்றுக்கிழமை, குடும்பமே படிக்கும் பக்கத்தில் மதுவைப் பற்றியா?' என்று சிலர் முகம் சுளிப்பது எனக்குக் கேட்கிறது. கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் வீட்டிலேயே அந்தக் கேள்வி ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. என் அக்கா மகன் பினாங்கில் ஒரு மதுக்கூடத்தில் பார்டெண்டராக வேலை பார்க்கிறான். ஹோட்டல் நிர்வாகம் படிக்கப் போனவன், கடைசியில் ஷேக்கரைக் கையில் எடுத்துக்கொண்டான். போன தீபாவளிப் பருவத்துக்கென்று அவன் கலந்த ஒரு பானம், அந்தக் கடைக்கு வழக்கமாக வருகிறவர்களிடம் நல்ல பெயர் வாங்கியது. ஒரு மாதத்துக்குப் போட்டதை இரண்டு மாதம் நீட்டித்தார்கள். அவன் அதைத் தொலைபேசியில் சொன்னபோது என்னிடம் மகிழ்ச்சி இருந்தது. அக்காவிடம் இல்லை.

"ஊர்ல கேட்டா ஹோட்டல் வேலைன்னு சொல்றேன்டா தம்பி. தண்ணி ஊத்திக் குடுக்கிற வேலைன்னு எந்த வாயால சொல்றது?" என்றார்.

எங்கள் ஊர் சுங்கை லாலாங். பீடோங்குக்குப் பக்கம். இந்த வட்டாரத்துத் தமிழர் வீட்டில் இப்படி ஒரு வார்த்தை வருவதற்கு எண்பது ஆண்டுக்கால வரலாறு இருக்கிறது.

ரப்பர்த் தோட்டங்களில் கள்ளுக்கடை என்பது தோட்ட நிர்வாகத்தின் ஏற்பாட்டிலேயே நடந்த கடை. பால்மரம் சீவிவிட்டு மதியம் திரும்பும் தொழிலாளியின் கூலி, மாலைக்குள் அந்தக் கடை வழியாகத் தோட்டத்துக்கே திரும்பிப் போகும். சம்பள நாளில் லயத்து வாசலில் காத்து நின்ற பெண்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. போர் முடிந்த கையோடு, பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. மதுவை ஒழிப்பது, லயங்களில் ஒழுங்கைக் கொண்டுவருவது, கூலிக்காகப் பேசுவது எல்லாம் அவர்கள் வேலையாக இருந்தது. 1947இல் பீடோங் கள்ளுக்கடை முன் நடந்த மறியல் போலீசாருடன் மோதலில் முடிந்தது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். எங்கள் தாத்தா அந்த மறியலில் நின்றவர். கள்ளுக்கடையை மறித்தவரின் கொள்ளுப்பேரன் மதுக்கூடத்துக் கல்லாப் பக்கம் நிற்கிறான் என்றால் அக்காவுக்கு உறுத்தாமல் எப்படி இருக்கும்?

இந்த உறுத்தலோடுதான் மருமகனின் தொழிலைப் பற்றி நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அவன் கலந்த பானம் 'டிக்கி' வகையைச் சேர்ந்தது. டிக்கி என்பது பாலினீசியத் தீவு மக்கள் மரத்திலும் கல்லிலும் செதுக்கும் உருவத்தின் பெயர். அந்தப் பெயரில் ஒரு மதுக்கூட நாகரிகம் பிறந்ததோ அமெரிக்காவில். 1933 டிசம்பரில் அங்கே மதுவிலக்கு முடிவுக்கு வந்தது. அந்தச் சமயத்தில் எர்னஸ்ட் கான்ட் என்பவர் ஹாலிவுட்டில் மூங்கிலும் வலையும் தொங்கவிட்டு 'டான் தி பீச்கோம்பர்' என்ற கடையைத் தொடங்கினார். பிறகு தன் பெயரையே 'டான்' என்று மாற்றிக்கொண்டார். ரம் வகைகளோடு பழச்சாறும் மசாலாப் பாகும் சேர்த்து அவர் கலந்தவை பெரும் பேர் பெற்றன. 'ஸோம்பி' என்ற பானத்தை ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கொடுப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்தார். அத்தனை வீரியம்!

அவரைப் பார்த்துத் தொழிலில் வளர்ந்தவர் ஓக்லாந்து நகரின் விக்டர் பெர்ஜெரோன், கடைப் பெயரால் 'டிரேடர் விக்'. 1944இல் தாஹித்தியிலிருந்து வந்த நண்பர்களுக்கு ஒரு புதிய கலவையைக் கொடுத்தாராம். ஒரு மடக்கு குடித்த பெண்மணி தாஹித்தி மொழியில் 'மைத்தாய்' என்று தொடங்கிப் பாராட்டினார். நன்று என்று பொருள். அதுவே பானத்தின் பெயரானது என்பது விக் சொன்ன கதை. வந்தவர் வாயிலிருந்து விழுந்த பாராட்டு, உலகம் முழுக்க ஒரு பானத்தின் பெயராக நிற்கிறது.

ஆனால் இந்தக் கடைகளின் கல்லாவுக்குப் பின்னால் நின்று கலந்தவர்கள் யார்? டானின் கடையில் பலர் பிலிப்பீன்ஸ்காரர்கள். செய்முறை வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகப் பாகுப் புட்டிகளில் பெயருக்குப் பதில் எண்ணும் குறியீடும் ஒட்டியிருப்பார்களாம். தான் கலப்பதில் என்ன இருக்கிறது என்பது கலப்பவருக்கே முழுதாகத் தெரியாது. அவர்களில் ரே பூஹன் என்பவர் 1961இல் லாஸ் ஏஞ்சலஸில் 'டிக்கி டி' என்று சொந்தக் கடை போட்டு, தன் பெயரை நிலைநிறுத்திக்கொண்டார். மற்ற பலரின் பெயர் புட்டி எண்ணோடு போயிற்று.

இதைப் படித்தபோது எனக்கு நம் தோட்டங்கள்தாம் ஞாபகத்துக்கு வந்தன. எந்த நிரையில் எந்த மரத்தை யார் சீவினார் என்று யார் எழுதி வைத்தார்கள்? செக்ரோலில் ஒரு எண் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

ஜெஃப்ரி ஓங்குக்கும் ஏறக்குறைய அதுதான் நேர்ந்தது. அவர் பானம் 1989இல் ஜான் பாய்ஸ்டர் எழுதிய அமெரிக்க மதுக் கையேட்டில் இடம் பெற்றது. 2002இல் ஜெஃப் பெர்ரி தன் டிக்கி நூலில் அதை மீண்டும் எடுத்துக் கொடுத்தார். பிறகு நியூயார்க்கில் ஜுசெப்பே கோன்சாலஸ் அன்னாசிச் சாற்றைக் குறைத்து, கரிய நிற ரம்மைச் சேர்த்து மாற்றியமைத்தார். உலகம் முழுவதும் புகழ் பரவியது. பறவை பறந்தது, ஆனால் பறக்கவிட்டவர் பெயர் கூடவே பறக்கவில்லை. ஆண்டையே 1978 என்று வெகுகாலம் எழுதி வந்தார்கள். நம் நாட்டுப் பத்திரிகையாளர்கள் பழைய ஊழியர்களைத் தேடிப் பிடித்து விசாரித்த பிறகுதான் 1973 என்பதும் ஓங் என்ற பெயரும் உறுதியாக நிலைத்தன. 2019இல் அவர் காலமானார். அந்தப் பழைய ஹில்டன் கட்டடமும் இன்று இல்லை.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தக் கிண்ணத்தில்? பழைய செய்முறைப்படி 45 மில்லி கறுப்பு ரம், 22 மில்லி கம்பாரி, 120 மில்லி அன்னாசிச் சாறு, எலுமிச்சைச் சாறும் சர்க்கரைப் பாகும் 15 மில்லி வீதம். கம்பாரி என்பது 1860இல் இத்தாலியில் தோன்றிய சிவப்பு நிறக் கசப்பு மது. டிக்கி பானங்கள் பொதுவாக இனிப்பும் புளிப்பும்தான். அதில் துணிந்து கசப்பைக் கொண்டுவந்தது கோலாலம்பூரில் பிறந்த இந்தப் பானம். அன்னாசியின் தித்திப்பைக் கசப்பு அடக்குகிறது. கசப்பின் முரட்டுத்தனத்தை அன்னாசி தணிக்கிறது. பாகற்காய்க் குழம்பில் வெல்லம் போடுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரம் கரும்புப் பாகிலிருந்து வடிப்பது. ரப்பர் வருவதற்கு முன்பே செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்திறங்கியவர்கள் நம்மவர்கள். அன்னாசியோ, இளம் ரப்பர் கன்றுகளுக்கு இடையே ஊடுபயிராக நட்ட பழம். அமெரிக்காவில் மூங்கில் கட்டி நடித்துக் காட்டிய 'வெப்பமண்டலம்' நமக்கு வேலைக்குப் போன இடம்.

மருமகன் தன் பருவப் பானத்துக்கு ஓங்கின் கலவையையே அடித்தளமாக எடுத்துக்கொண்டான். சர்க்கரைப் பாகுக்குப் பதில் குலா மலாக்கா. கூடவே பாலிக் பூலாவில் விளையும் ஜாதிக்காயின் சாறு கொஞ்சம். மேலே ஒரு துளி ஏலக்காய் வாசம். தீபாவளி வீட்டு அடுப்படியின் மணம் வர வேண்டும் என்பது அவன் எண்ணம். முதல் வாரம் அது ரொம்பத் தித்தித்ததாம். கல்லாவின் ஓரத்தில் வாரம் ஒரு முறை வந்து உட்காரும் ஓய்வுபெற்ற சீன ஆசிரியர் ஒருவர் பாதிக் கிண்ணத்தை மிச்சம் வைத்துவிட்டுப் போனார். இவன் பாகை 5 மில்லி குறைத்தான், எலுமிச்சையை அவ்வளவே கூட்டினான். அடுத்த வாரம் கிண்ணம் காலி. "சின்ன வயசில் அம்மா ஜாதிக்காய் ஊறப்போடும் ஜாடியைத் திறந்த மாதிரி இருக்கிறது" என்றாராம் ஆசிரியர். பிறகு, எதைக் குறைத்தாய் என்று கேட்டாராம். அந்தக் கேள்விதான் தனக்குப் பெரிய பாராட்டு என்கிறான் இவன்.

"மாமா, இன்னும் ஒண்ணு குடுன்னு யார் வேணும்னாலும் கேப்பாங்க. எப்படிச் செஞ்சேன்னு கேக்கிறவங்க நாலு பேர்தான்."

அவன் வேலையில் எனக்குப் பிடித்த இன்னொன்றும் உண்டு. யாருக்கு இனிக் கொடுக்கக் கூடாது என்று பார்த்துச் சொல்வதும் அவன் பொறுப்பு. பேச்சுக் குழறத் தொடங்கினால் தண்ணீர்க் குவளையை முன்னால் வைக்கிறான். வண்டிச் சாவியோடு எழுந்தால் வாடகைக் காரை அழைக்கிறான். 2017 டிசம்பர் முதல் நம் நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது சட்டம். சந்தேகம் வந்தால் அடையாளக் கார்டைக் கேட்கிறான். விற்க விற்க லாபம் என்று இருந்த தோட்டத்துக் கடைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை அக்காவிடம் நான் எடுத்துச் சொன்னேன்.

அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. "கிளாஸ் அழகா இருந்தா உள்ள இருக்கிறது மாறிடுமா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, அது உண்மை. நம் சமூகத்தில் சம்சுவால் சாய்ந்த குடும்பங்களின் கணக்கு இன்னும் முடியவில்லை. 2018இல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மலிவு விஷம் எப்போதுமே தோட்டத்தையும் கட்டுமானக் கொட்டகையையும்தான் தேடிப் போகிறது. பினாங்கு மதுக்கூடத்தில் கைத்திறன் என்று நாம் கொண்டாடுவது இந்தக் கணக்கை அழித்துவிடாது. தாத்தா மறித்தது சரி. மருமகன் உழைப்பும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு வாழப் பழக வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் அவன் தாத்தாவின் வழியில்தான் நிற்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. தொண்டர் படைக்காரர்கள் கேட்டது தொழிலாளியை மனிதனாகக் கணக்கில் வைக்கச் சொல்லி. இவன் தன் பானத்தின் விவரத்தை அட்டையில் எழுதும்போது, கடைசி வரியில் 'மூலம்: ஜெஃப்ரி ஓங், கோலாலம்பூர், 1973' என்று சேர்த்திருக்கிறான். யாரும் கேட்கவில்லை; அவனாகவே செய்தான். எந்தத் தொழிலில் இருக்கிற பிள்ளைக்கும் இந்தப் பழக்கம் இருக்க வேண்டும். அலுவலகத்தில் நாம் காட்டும் அறிக்கையிலும், கல்யாண வீட்டில் புகழும் சமையலிலும், யாரோ ஒருவர் முதலில் கண்டுபிடித்தது இருக்கும். அந்தப் பெயரைச் சொல்ல ஒரு வரி போதும்.

மதுவைத் தொடாதவர்களுக்கென்று அவன் ஒரு மாற்றும் வைத்திருக்கிறான். நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். நன்றாகப் பழுத்த அன்னாசியின் சாறு 120 மில்லி, எலுமிச்சைச் சாறு 15 மில்லி, குலா மலாக்கா பாகு 15 மில்லி. கம்பாரியின் கசப்புக்குப் பதிலாக, சர்க்கரை போடாமல் ஆறவைத்த கெட்டியான கோப்பி ஓ 30 மில்லி. மூடி இறுக்கமான ஜாடியில் ஐஸ் கட்டிகளோடு பத்து வினாடி வேகமாகக் குலுக்கி, வடிகட்டி ஊற்றுங்கள். மேலே நுரை கட்டி நிற்கும். தித்திப்பு வேண்டுமென்றால் பாகைக் கூட்டாதீர்கள். கோப்பியைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

தீபாவளிக்கு வந்தவன் அதைச் செய்து அக்காவுக்குக் கொடுத்தான். ஒரு மடக்கு குடித்தார், யோசித்தார், இன்னொரு மடக்கு குடித்தார்.

"கசப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். "கோப்பி எவ்வளவு ஊத்துன?"

மருமகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்த நாலு பேரோடு இப்போது ஐந்தாவது ஆளும் சேர்ந்துவிட்டார்.