எதைக் கழற்றி விலையைக் குறைத்தார்கள்?

2002 நவம்பர் 7 அன்று நியூயார்க்கில் மைக்ரோசாப்ட் தன் டேப்லெட் பிசியை அறிமுகப்படுத்தியது. அதற்கு முந்தைய வருடமே பில் கேட்ஸ், ஐந்து வருடத்தில் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கணினி இதுதான் என்று சொல்லியிருந்தார். கடைக்கு வந்தவர்கள் விலைச்சீட்டைப் பார்த்ததும் பின்வாங்கினார்கள். அந்த முதல் வரிசையில் பேசப்பட்ட காம்பாக் டிசி1000-இன் விலை 1,699 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல்.

வாங்க வந்தவர் கேட்டது என்னவோ சின்ன விஷயம். சோபாவில் சாய்ந்தபடி, ஒயர் எதுவும் இல்லாமல், மின்னஞ்சல் பார்க்க வேண்டும், நாலு செய்தி படிக்க வேண்டும். அதற்கு எண்பதாயிரமா?

காரணம் எளிது. அந்தப் பலகைக்குள் இருந்தது ஒரு முழு மடிக்கணினி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி, அதைத் தாங்கும் அளவுக்கு நினைவகம், எல்லாவற்றையும் ஓட்டும் பேட்டரி என எதுவும் குறையவில்லை. போதாததற்குத் திரையோடு சேர்த்து, பேனாவின் அசைவை உணரும் தனி அடுக்கு ஒன்று. விரலால் தொட்டால் அது அசையாது. அதற்கென்றே செய்த பேனாதான் வேண்டும். எழுதும்போது உள்ளங்கை திரையில் பட்டாலும் கிறுக்கல் விழாது என்பது அதன் அழகு. பேனாவைத் தொலைத்தால் பலகை சும்மா கிடக்கும் என்பது அதன் தலைவலி. கம்பியில்லா இணைப்பும் அப்போது மலிவில்லை. 1999-இல் ஆப்பிள் வைஃபை அட்டையை 99 டாலருக்கு விற்றதையே மலிவு என்று கொண்டாடினார்கள். அந்த அட்டை பேச, வீட்டில் வைக்க வேண்டிய பெட்டிக்குத் தனியாக 299 டாலர்.

ஆக, விலை குறைய வேண்டுமானால் எதையாவது கழற்றியாக வேண்டும். எதைக் கழற்றுவது என்பதில்தான் அடுத்த பத்து வருடக் கதை இருக்கிறது.

முதலில் கணினியையே கழற்றிப் பார்த்தார்கள். மைக்ரோசாப்ட் ‘மிரா’ என்று பெயரிட்டு வளர்த்த யோசனை அது. 2003 தொடக்கத்தில் வியூசோனிக் ஏர்பேனல் வி110 என்று கடைக்கு வந்தது. 10.4 அங்குலத் திரை, வைஃபை, ஒரு சின்னச் செயலி, அவ்வளவுதான். உண்மையான வேலை நடப்பது மாடி அறையில் இருக்கும் உங்கள் மேசைக் கணினியில். அங்கே தெரிய வேண்டிய படம் காற்றில் வந்து இந்தத் திரையில் தெரியும். நீங்கள் இங்கே தொட்டது அங்கே போய்ச் சேரும்.

கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டில் நடந்ததைப் பாருங்கள். அப்பா ஹாலில் பலகையை எடுத்துச் செய்தி படிக்க ஆரம்பித்ததும், மாடியில் மேசைக் கணினியின் திரை பூட்டிக்கொள்ளும். பையன் பாதியில் விட்ட வீட்டுப்பாடம் அப்பா படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். எக்ஸ்பி ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் திறக்கும். அதுவும் புரொஃபஷனல் பதிப்பாக இருந்தால்தான் இந்த வித்தையே நடக்கும். வீடியோ போட்டால் திக்கித் திணறும். இத்தனைக்கும் விலை ஆயிரம் டாலரை ஒட்டி. அந்தப் பணத்துக்கு நல்ல மடிக்கணினியே வந்துவிடும் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மிரா நீடிக்கவில்லை.

நோக்கியா வேறு மாதிரி யோசித்தது. 2005 நவம்பரில் வந்த நோக்கியா 770-இல் கணினி இருந்தது. சுருங்கிப் போனது திரைதான், நாலு அங்குலத்துக்குச் சற்று மேல். ஆனால் குறுக்கே 800 புள்ளிகள் இருந்ததால் இணையப் பக்கம் ஒடுங்காமல் தெரிந்தது. கைபேசி செய்யும் நிறுவனமே சிம் போடும் இடத்தையும் கழற்றிவிட்டது என்பதுதான் வேடிக்கை. வீட்டில் வைஃபை, வெளியே போனால் ப்ளூடூத் வழியாகக் கைபேசியின் இணைப்பு. உள்ளே லினக்ஸ். விலை 360 டாலர். 64 எம்பி நினைவகத்தில் மூன்று பக்கங்களைத் திறந்தால் மூச்சு வாங்கும். என் கணக்கில், நியாயமான விலையில் கம்பியில்லா டேப்லெட் தேடியவருக்கு முதலில் கிடைத்த உருப்படியான பதில் இதுதான்.

2010 ஏப்ரலில் 499 டாலருக்கு ஐபேட் வந்தது. பேனா, ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எதுவும் அதில் கிடையாது. அதன் கதை எல்லோருக்கும் தெரியும்.

நம் நாட்டு மலிவு டேப்லெட்டான ஆகாஷின் கதைதான் நின்று பார்க்க வேண்டியது. 2010 ஜூலையில் அமைச்சர் கபில் சிபல் 35 டாலர் மாதிரி ஒன்றைக் காட்டினார். 2011 அக்டோபர் 5-இல் டேட்டாவிண்ட் நிறுவனம் செய்த ஆகாஷ் மாணவர் கைக்கு வந்தது. அரசு கொடுத்த விலை ஒன்றுக்கு 2,276 ரூபாய். 7 அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி நினைவகம், ஆண்ட்ராய்டு 2.2, வைஃபை மட்டும். இங்கே கழன்றது தொடுதிரையின் தரம். திரையின் மேல் மெல்லிய இரண்டு படலங்கள். அழுத்தினால் மேல் படலம் கீழ்ப் படலத்தைத் தொடும், அப்போதுதான் கருவிக்குத் தெரியும். இன்றைய திரைகள் விரல் பட்டதும் மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தையே உணர்பவை, தடவினால் போதும். ஆகாஷை நகத்தால் குத்த வேண்டியிருந்தது. 2,100 எம்ஏஎச் பேட்டரி ஒரு பள்ளி நாளைத் தாண்டாது. அடுத்த வருடம் நவம்பரில் வந்த ஆகாஷ் 2-இல் நல்ல தொடுதிரையும் 1 கிகாஹெர்ட்ஸ் செயலியும் இருந்தன. ஏறக்குறைய அதே விலைதான். அந்த ஒரு வருடத்தில் உதிரிகள் அவ்வளவு மலிந்துவிட்டன.

இந்தப் பழைய பலகைகளைச் சேகரிப்புக்காகவோ, மலிவாகக் கிடைக்கிறதே என்றோ இப்போது தேடுகிறவர்களும் உண்டு. வாங்கும் முன் சிலவற்றைக் கவனியுங்கள். ஏர்பேனல் கிடைத்தால், அதற்குத் துணையாக எக்ஸ்பி புரொஃபஷனல் ஓடும் கணினி ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் தட்டு. மிகப் பழைய வைஃபை கருவிகளுக்குத் தெரிந்த ஒரே பூட்டு டபிள்யூஇபி. இன்றைய ரவுட்டர் அதை மதிக்காது. இணைப்பு கிடைத்தாலும், பாதுகாப்பான தளங்கள் பழைய உலாவிக்குக் கதவு திறப்பதில்லை. ஆண்ட்ராய்டு 2.3.7-க்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் கூகுள் கணக்கில் நுழையும் வழியை 2021 செப்டம்பரிலேயே அடைத்துவிட்டார்கள். ஆகாஷில் ஜிமெயில் பார்க்கலாம் என்று நம்ப வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேல் பேட்டரி. வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்தது செத்திருக்கும், அல்லது உப்பியிருக்கும். முதுகைத் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் வேண்டாம். நோக்கியா 770-இல் பேட்டரியைக் கையாலேயே கழற்றி மாற்றலாம், மற்றவற்றில் திருகாணியைக் கழற்ற வேண்டியிருக்கலாம். விற்கிறவர் சார்ஜரோடு சேர்த்தே ஓடவிட்டுக் காட்டுவார். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் ஓடட்டும் என்று சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள்.