எதிர் டீம்காரன் 'செம பிளேயர்'னு சொன்னா நம்பலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டினப்பாக்கம் பீச் பக்கம் போயிருக்கிறீர்களா? ஃபோர்ஷோர் எஸ்டேட் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி சீனிவாசபுரம் பக்கம் நடந்தால், படகுக்கும் வலைக்கும் நடுவில் கிடைத்த இடத்திலெல்லாம் கிரிக்கெட்தான். தண்ணீர் ஓரம் ஈர மணல் கெட்டியாக இருக்கும் இடம் யாருக்கு என்பதிலேயே பாதிச் சண்டை முடிந்திருக்கும்.

அப்படி ஒரு பெட் மேட்ச்சைப் போன மாதம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வயசுப் பையன் ஒருவன் நாற்பது ரன் அடித்து ஜெயிக்க வைத்தான். தோற்ற டீமின் கேப்டன் நேராக வந்து அவன் தோளில் தட்டி, "செம பிளேயர்டா தம்பி நீ, எங்கேயோ போயிடுவே" என்றான். பக்கத்தில் நின்ற பையனின் அப்பாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "பார்த்தீங்களா சார், தோத்தவனே சொல்றான்! கோச்சிங்ல சேர்த்துடலாமா?" என்று என்னிடம் கேட்டார். கோச்சிங் என்றால் மாதாமாதம் ஃபீஸ், பேட், பேடு, கிளவுஸ். அவருக்கு அது சின்னத் தொகை இல்லை.

நானும் சட்டென்று பதில் சொல்லவில்லை. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

'நம்ம ஆளுங்க புகழ்ந்தால் பாசம், எதிரி புகழ்ந்தால்தான் நிஜம்' என்று ஒரு நம்பிக்கை நம் எல்லோருக்கும் உண்டு. அதனால்தான் வாட்ஸ்அப்பில் 'சச்சினைப் பற்றி உலக வீரர்கள் சொன்னது' என்று வருடாவருடம் ஒரு ஃபார்வர்டு வருகிறது. யார், எப்போது, எங்கே சொன்னார் என்று ஒரு விவரமும் இருக்காது. நாமும் கேட்பதில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். தோற்றவன் ஜெயித்தவனைப் புகழ்வதில் அவனுக்கும் லாபம் இருக்கிறது. "அவன் சாதாரண பிளேயர்" என்று சொன்னால், சாதாரண பிளேயரிடம் தோற்றவன் ஆகிவிடுவான். "அவன் பெரிய ஆள்" என்று சொல்லிவிட்டால் தோல்விக்கும் ஒரு கௌரவம் வந்துவிடுகிறது.

சேப்பாக்கத்தில் நடந்த கதை

பட்டினப்பாக்கத்திலிருந்து சாந்தோம், மெரினா வழியாகப் போனால் சேப்பாக்கம் ரொம்ப தூரமில்லை. 1998 மார்ச் மாதம், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் டெஸ்ட் அங்கே நடந்தது. எல்லோரும் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: ஷேன் வார்னே, டெண்டுல்கர் மோதல். முதல் இன்னிங்ஸில் டெண்டுல்கர் 4 ரன். வார்னே பந்தில் ஸ்லிப்பில் மார்க் டெய்லர் கேட்ச். இரண்டாவது இன்னிங்ஸில் 155 நாட் அவுட். அந்த இன்னிங்ஸில் வார்னே 122 ரன் கொடுத்து எடுத்தது ஒரே விக்கெட். இந்தியா 179 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது.

அதற்குப் பிறகுதான் வார்னே, டெண்டுல்கர் இறங்கி வந்து தன் தலைக்கு மேல் சிக்ஸர் அடிப்பது மாதிரி கெட்ட கனவு வருகிறது என்று சொன்னார். பாதி ஜோக்தான். ஆனால் உலகம் முழுக்கப் பரவிய பாராட்டு அது.

இதை நம்பலாமா? நம்பலாம். வார்னே சொன்னதால் மட்டும் இல்லை. டெஸ்ட்டில் அவர் எடுத்தது 708 விக்கெட், சராசரி 25 சொச்சம். இந்தியாவுக்கு எதிராக மட்டும் அந்த சராசரி 47. அவர் வாயால் சொன்னதை அவருடைய ஸ்கோர் கார்டும் சொல்கிறது. டெண்டுல்கர் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, சித்துவும் லக்ஷ்மணும் டிராவிட்டும்கூட அவரை விட்டுவைக்கவில்லை. ஆனால் வலி உண்மை.

எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டாகத் தெரிவது வேறொன்று. அதைப் பெற்றவர் வார்னே, கொடுத்தவர் டெண்டுல்கர். அந்தத் தொடருக்கு முன்பே, இதே சென்னையில், நம்ம ஊர் லெக் ஸ்பின்னர் எல்.சிவராமகிருஷ்ணனைக் கூப்பிட்டு வந்து, லெக் ஸ்டம்ப்புக்கு வெளியே மண்ணைக் கிளறிவிட்டு, அந்தக் கரடுமுரடான இடத்தில் அரவுண்ட் த விக்கெட் பந்து போடச் சொல்லிப் பயிற்சி செய்தார். வார்னே அப்படித்தான் போடுவார் என்ற பயம். 'வார்னே பெரிய பௌலர்' என்று பேட்டி கொடுப்பது சுலபம். அவருக்காக வியர்வை சிந்தி நெட்ஸில் நிற்பது அவ்வளவு சுலபமில்லை.

அதே வார்னே 2007-ல் தன் காலத்துச் சிறந்த வீரர்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். முதலிடம் டெண்டுல்கர், இரண்டாவது லாரா. சரிதான் என்று தலையாட்டுகிறோம். ஆனால் தன் சொந்த கேப்டன் ஸ்டீவ் வாஹுக்குக் கொடுத்த இடம் 26! மேட்சை ஜெயிக்க வைப்பவர் இல்லை, காப்பாற்றுபவர் என்று ஒரு விளக்கம் வேறு. 1999-ல் வெஸ்ட் இண்டீஸில் வார்னேவை ஒரு டெஸ்ட்டில் உட்கார வைத்த கேப்டன் அதே ஸ்டீவ் வாஹ். பழைய கணக்கு பட்டியலில் எட்டிப் பார்த்ததா, இல்லையா? அவரவர் முடிவு. டெண்டுல்கருக்கு ஒன்றாம் இடம் கொடுத்த கைதான் இதையும் எழுதியது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அஸ்வினும் இரண்டு சாட்சிகளும்

மாம்பலம் பக்கத்தில் வளர்ந்த அஸ்வின் விஷயத்துக்கு வருவோம். 2021 ஜனவரியில் முத்தையா முரளிதரன், 800 விக்கெட்டை நெருங்கும் வாய்ப்பு அஸ்வினுக்கு உண்டு, அவர் மிகச் சிறந்த பௌலர், நேதன் லயனுக்கு அந்த அளவு திறமை இல்லை என்கிற மாதிரி சொன்னார். சொன்னது யார்? 800 விக்கெட் எடுத்த மனுஷன். நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம். என்ன ஆயிற்று? அஸ்வின் 2024 டிசம்பரில் 537 விக்கெட்டோடு ஓய்வு பெற்றார். லயன் அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டார்.

முரளி பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. அஸ்வின் மிகச் சிறந்த பௌலர்தான், டெஸ்ட் சராசரி 24. ஆனால் திறமையைப் பார்ப்பது வேறு, எதிர்காலத்தைச் சொல்வது வேறு. உடம்பு, வயசு, வெளிநாட்டில் பிளேயிங் லெவனில் இடம் கிடைப்பது இதெல்லாம் யார் பாராட்டிலும் அடங்காது. இன்னொன்று, இருவரும் சி.எஸ்.கே-வில் ஒன்றாக இருந்தவர்கள். 2008-ல் ஐ.பி.எல் வந்த பிறகு 'எதிரணி வீரர்' என்ற வார்த்தைக்கே பழைய அர்த்தம் இல்லை. இன்றைய எதிரி அடுத்த ஏப்ரலில் ரூம் மேட்!

இரண்டாவது சாட்சி ஸ்டீவ் ஸ்மித். 2020-21 தொடரில் முதல் இரண்டு டெஸ்ட்டிலும் அஸ்வின் அவரைத் தூக்கினார். நான்கு இன்னிங்ஸில் ஸ்மித் எடுத்தது 1, 1 நாட் அவுட், 0, 8. அப்போது ஸ்மித் 'அஸ்வின் ஜீனியஸ்' என்றெல்லாம் அலங்காரம் பண்ணவில்லை. வேறு எந்த ஸ்பின்னரையும் விடாத அளவுக்கு அஸ்வின் இஷ்டத்துக்கு என்னை ஆட விட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே! அடுத்து சிட்னியில் ஆட்டத்தை மாற்றினார், 131 அடித்தார்.

ரிட்டயர் ஆன பிறகு, கமென்ட்ரி பாக்ஸில் உட்கார்ந்து, ஒரு நஷ்டமும் இல்லாமல் சொல்லும் பத்துப் புகழுரையைவிட, அடுத்த மேட்ச்சில் மறுபடியும் அதே ஆளைச் சந்திக்கப் போகிறவன் தன் பலவீனத்தை ஒப்புக்கொண்டு சொல்லும் ஒரு வரி எனக்குப் போதும். ஏனென்றால் அதைச் சொல்வதற்கு அவன் ஒரு விலை கொடுக்கிறான்.

பட்டினப்பாக்கத்துக்கு வருகிறேன். அந்த அப்பாவிடம் நான் சொன்னது இதுதான்: "அவன் சொன்னதை விடுங்க சார். உங்க பையன் ஆடும்போது அந்த கேப்டன் என்ன செஞ்சான், கவனிச்சீங்களா?" அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்திருந்தேன். பையன் ஸ்ட்ரைக்கில் இருந்தபோது ஒரு ஃபீல்டர்கூட நகரவில்லை. நல்ல பௌலரை எதிர்முனை ஆளுக்காக மிச்சம் வைத்திருந்தான். பையனுக்குப் போட்டவன் ஒப்புக்குச் சப்பாணி. "கோச்சிங்குக்கு இன்னும் ரெண்டு வாரம் பொறுங்க" என்றேன். அவருக்கு என் மேல் கோபம்தான்.

போன ஞாயிறு மறுபடியும் அதே இரண்டு டீம். பையன் உள்ளே வந்ததும் அந்த கேப்டன் கையைத் தட்டி இரண்டு பேரைத் தண்ணீர் ஓரத்துக்கே அனுப்பினான். மிச்சம் வைத்திருந்த இடதுகைப் பௌலரை உடனே கூப்பிட்டான். பையன் பதினெட்டு ரன்னில் அவுட். மேட்ச் முடிந்து அவனிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. நான் அவரிடம் போய், எந்த கோச்சிங், எவ்வளவு ஃபீஸ் என்று விசாரித்தேன்.