பாண்டின் துப்பாக்கி: அன்றும் இன்றும்

1962-இல் வந்த ‘டாக்டர் நோ’ படத்தில் ஜேம்ஸ் பாண்டின் பழைய பெரெட்டாவை மேலதிகாரி ‘எம்’ பறித்துக்கொண்டு, வால்தர் பிபிகே கைத்துப்பாக்கியைக் கொடுக்கச் சொல்வார். அந்த மாற்றத்துக்கு விதை போட்டவர் ஒரு வாசகர். கிளாஸ்கோவைச் சேர்ந்த துப்பாக்கி ஆர்வலர் ஜெஃப்ரி பூத்ராய்டு, பெரெட்டா ஓர் உளவாளிக்கு லாயக்கில்லை என்று பாண்ட் கதைகளை எழுதிய இயான் ஃபிளெமிங்குக்கு 1956-இல் கடிதம் எழுதினார். நாவலில் ஆயுதம் கொடுக்கும் மேஜருக்கு ஃபிளெமிங் அவர் பெயரையே வைத்தார்.

எழுத்தில் இருந்த இந்த அக்கறை படப்பிடிப்பில் இல்லை. ஷான் கானரியின் கையில் இருந்தது பிபிகே அல்ல, சற்றுப் பெரிய வால்தர் பிபி. ‘ஸ்மித் அண்ட் வெஸன்’ துப்பாக்கியில் ஆறு தோட்டாவும் தீர்ந்துவிட்டதாக, தன்னைக் கொல்ல வந்த பேராசிரியர் டென்ட்டிடம் பாண்ட் சொல்வார். டென்ட் வைத்திருப்பதோ கோல்ட் 1911, அதன் மேகசினில் ஏழு பிடிக்கும். அடுத்த படத்தின் விளம்பரத்துக்குக் கானரியைப் படம் பிடித்த அன்று பிபிகே வந்து சேரவே இல்லை. புகைப்படக்காரர் டேவிட் ஹர்ன் தன்னிடம் இருந்த வால்தர் ஏர் பிஸ்டலைக் கொடுத்தார். உலகம் முழுக்கப் போஸ்டரில் பார்த்த அந்த நீளக் குழல், குறிபார்த்துப் பழகும் காற்றுத் துப்பாக்கியுடையது.

அன்று பெயர் பொய்யாக இருந்தாலும் வெடித்த நெருப்பு நிஜம். வெற்றுத் தோட்டாவில் ஈயக்குண்டு இருக்காது. மருந்து இருக்கும், பித்தளை வாயை மடித்து மூடியிருப்பார்கள். குண்டு இல்லாததால் தானியங்கித் துப்பாக்கியில் அடுத்த தோட்டா ஏறுவதற்கான அழுத்தம் கிடைக்காது. அதற்காகக் குழலுக்குள் ஓர் அடைப்பை வைத்து வழியைக் குறுக்குவார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபிலிம் கேமராவின் ஷட்டர் ஏறக்குறைய பாதி நேரம் மூடியே இருக்கும். வெடிச்சுடர் இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே விழுந்தால் பதிவாகாது. காட்சியை மறுபடி எடுக்க வேண்டும், மறுபடி வெடிக்க வேண்டும்.

குண்டு இல்லை என்பதற்காக ஆபத்து இல்லாமல் போகவில்லை. 1984-இல் ‘கவர் அப்’ என்ற உளவுத் தொடரின் படப்பிடிப்பில் நடிகர் ஜான் எரிக் ஹெக்ஸம் வெற்றுத் தோட்டா போட்ட ரிவால்வரை விளையாட்டாக நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டார். வெடிப்பின் வேகமே மண்டை ஓட்டை உடைத்தது. சில நாளில் இறந்துபோனார். 1993-இல் நடிகர் பிராண்டன் லீயும் படப்பிடிப்பில் துப்பாக்கி வெடித்து இறந்தார். 2021 அக்டோபரில், நியூ மெக்சிகோவில் ‘ரஸ்ட்’ படத்தின் ஒத்திகையில் நிஜத் தோட்டா பாய்ந்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் மரணம். ஆயுதப் பொறுப்பாளருக்கு 2024-இல் சிறைத்தண்டனை கிடைத்தது. ஒரு சினிமாவுக்காகப் போன உயிர்கள் இவை. என் மனம் ஆறவே இல்லை.

இன்று நிலைமை தலைகீழ். எந்த மாடல், எத்தனை தோட்டா என்று ரசிகர்கள் காட்சியை நிறுத்தி வைத்துப் பார்க்கிறார்கள். 2012-இல் ‘ஸ்கைஃபால்’ படத்தில் பாண்டின் உள்ளங்கை ரேகைக்கு மட்டுமே சுடும் வால்தர் வந்தது. அதை எடுத்த அடியாளால் சுட முடியாமல் போவது கதையிலேயே ஒரு திருப்பம். நெருப்போ பல படங்களில் கணினியில் பிறக்கிறது. ‘ரஸ்ட்’ சம்பவம் நடந்த கையோடு, ‘தி ரூக்கி’ என்ற அமெரிக்க போலீஸ் தொடர் இனி ஏர்சாஃப்ட் என்ற போலித் துப்பாக்கி மட்டுமே என்று அறிவித்தது.

இதில் ஒரு குறை உண்டு. வெடிச் சத்தத்துக்கு நடிகரின் கண் தானாகச் சிமிட்டும், தோள் பின்வாங்கும். அது இப்போது தானாக வருவதில்லை. வாயுவில் இயங்கும் போலித் துப்பாக்கியில் மேல்பகுதி பின்னுக்கு நகர்வதால் கைக்கு ஓரளவு உதறல் கிடைக்கிறது. மீதியை நடிகர்தான் நடிக்க வேண்டும். அது அவருடைய தொழில், நன்றாகவே செய்வார்.