பேர் ஒண்ணு... ஆள் வேற!

ஆடித்தபசு கூட்டத்துல நின்னு, "டேய் சங்கரா!"ன்னு ஒரு குரல் கொடுத்துப் பாருங்க. பத்துப் பேர் திரும்புவாங்க. எங்க ஊர் சங்கரன்கோவில்ல சங்கர், நாராயணன், கோமதி இல்லாத தெருவே கிடையாது! கம்ப்யூட்டர்லயும் இதே கதைதான். 'செட்அப்'ங்கிற பேர்ல எத்தனை ஃபைல்! பேரை நம்பி டபுள் க்ளிக் பண்ணினா, உள்ளே வர்றது யாருன்னு யாருக்குத் தெரியும்?

போன செமஸ்டர்ல நான் அப்படித்தான் மாட்ட இருந்தேன். மறுநாள் மினி ப்ராஜெக்ட் ரிவ்யூ. வேண்டிய சாஃப்ட்வேர் ஒரு சீனியரோட பென் டிரைவ்ல கிடைச்சுது. "ஹாஷ் பார்த்தியாடா?"ன்னு ரூம்மேட் கேட்டான்.

ஹாஷ்னா ஃபைலோட கைரேகை. சின்னதோ பெருசோ, எந்த ஃபைலைக் கொடுத்தாலும் 'ஷா-256' அதுக்கு 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரியைத் தரும். உள்ளே ஒரே ஒரு பிட் மாறினாலும் வரி மொத்தமா மாறிடும். ஃபைலோட பேரை மாத்தினா? அசையவே அசையாது! விண்டோஸ்ல 'செர்ட்யூடில்', லினக்ஸ்ல 'ஷா256சம்' கமாண்ட் இருக்கு. பைசா செலவில்லை.

தயாரிச்சவங்க தளத்துல அதே வெர்ஷனுக்குப் போட்டிருந்த வரியோட என் ஃபைல் முதல் எழுத்துலயே ஒத்துப்போகலை. வைரஸா, பாதியில அறுந்த காப்பியா? அதை ஹாஷ் சொல்லாது. 'இது அது இல்லை', அவ்வளவுதான். அழிச்சிட்டு செல்போன் டேட்டாவுல மறுபடி டவுன்லோட். முடியும்போது ராத்திரி மணி மூணு!

அமெரிக்காவின் 'நிஸ்ட்' நிறுவனம் இதையே பெரிய அளவுல செய்யுது. 'நேஷனல் சாஃப்ட்வேர் ரெஃபரன்ஸ் லைப்ரரி'ன்னு பேர். சாஃப்ட்வேர்களைச் சேகரிச்சு, ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை எடுத்து வெச்சிருக்காங்க. போலீஸ் பறிமுதல் பண்ற ஒரு ஹார்ட் டிஸ்க்ல லட்சக்கணக்குல ஃபைல் இருக்கலாம். இந்தப் பட்டியலோட ஒப்பிட்டு, விண்டோஸ், ஆபீஸ்னு தெரிஞ்ச முகங்களை ஒதுக்கிட்டா, மிச்சத்துல துப்பு தேடலாம். ஒரு விஷயம்... பட்டியல்ல இருக்கிறவங்க எல்லாரும் நல்லவங்க இல்லை. ஹேக்கிங் கருவிகளும் அதுல உண்டு!

நம்ம கோர்ட்டுக்கும் ஹாஷ் வந்தாச்சு. 2024 ஜூலை 1 முதல் அமல்ல இருக்கிற பாரதிய சாக்ஷிய அதினியம், 63-வது பிரிவுப்படி, டிஜிட்டல் சாட்சியத்தோட தர்ற சான்றிதழ்ல ஹாஷையும் எழுதணும். படிவத்துல ஷா-256 கூடவே ஷா-1, எம்.டி.5 ரெண்டும் இருக்கு. அங்கதான் எனக்கு இடிக்குது. வேற வேற தகவலுக்கு ஒரே எம்.டி.5 வரும்னு 2004லயே சீனாவின் வாங் ஷியாவ்யுன் குழு காட்டிட்டாங்க. 2017ல கூகுளும் ஆம்ஸ்டர்டாம் சி.டபிள்யூ.ஐ.யும் சேர்ந்து, ரெண்டு பி.டி.எஃப்.பை வெச்சு ஷா-1ஐயும் கவுத்தாச்சு. டிக் அடிக்கிறவங்க 256ல அடிங்க, ப்ளீஸ்!

அந்த பென் டிரைவா? இன்னமும் ஹாஸ்டல்ல ரூம் ரூமா ரவுண்டு அடிச்சிட்டிருக்கு.